வெள்ளமடம் தாண்டி

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்.
குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம்,
சோறு வடித்தால் கஞ்சிவெள்ளம்.
மார்த்தாண்டத்தில் அந்தச் சொல் யாரையும் உறுத்தாது.
ரப்பர் மரத்தடியில் கழற்றிப்போட்ட செருப்பு
திரும்பி வருவதற்குள் நனைந்து கிடக்கும்.

ஒன்றேகால் மணி நேரம்தான் காரில்.
வெள்ளமடம் என்ற பெயர்ப்பலகை வந்தது,
அதோடு பச்சை இறங்கிக்கொண்டது.
தோவாளை. ஆரல்வாய்மொழி. காற்று.
கண்ணாடியை இறக்கியதும்
அபினோவின் ஏத்தங்காய் சிப்ஸ் கவர் பறந்து
பின்னால் வந்த லாரியின் நெற்றியில் ஒட்டியது.

பாலைவனம் பார்க்கணும் என்று கேட்டவன் அவன்தான்.
ஏதோ தேசத்தில் பாலைவனத்துக்கே வேலி போட்டு
பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்களாம்,
ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாய் நடக்கிறார்களாம்.
"அப்பா அங்கதானே இருந்தீங்க?"

பதினொரு வருஷம் இருந்தார் ஜஸ்டஸ்,
குவைத்தில், எண்ணெய்க் குழாய்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு.
அனுப்பிய படங்களில் எல்லாம் ஷாப்பிங் மால்,
செயற்கை நீரூற்று, பளிங்குத் தரை.
ஒரு பிடி மணலைக்கூட அவர் எனக்குக் காட்டியதில்லை.
"அங்க நடக்கதுக்கு என்ன கெடக்கு" என்றவர்
முந்தின ராத்திரி தானே எழுந்து
ஒன்பது பாட்டில் நிரப்பி வைத்தார்.

முப்பந்தல் காற்றாடிகளுக்குப் பின்னால்
ஒரு மொட்டை மலை.
பெயர் கேட்டதற்கு ஆட்டுக்காரர் சொன்னார்:
"மலைதான்."
உடைமரம், சப்பாத்திக்கள்ளி,
வெயில் தின்று துப்பிய பாறை.

பிள்ளைகளின் தலையில் துவர்த்தைச் சுற்றி
முகம் மறைத்து, கண்ணை மட்டும் விட்டுக் கட்டினார்.
கோயிலுக்கு டை கட்ட
இன்றும் என்னைத் தேடுகிறவர்.
அந்தக் கை வேறு ஒருவருடையது போல வேகமாக இருந்தது.

முந்நூறு அடிக்கு ஒரு முறை நிறுத்தினார்.
ஆளுக்கு ஒரு மூடி.
"வாயில வச்சுகிட்டு நில்லுங்க. ஒடனே முழுங்காண்டாம்."
நான் உட்காரப்போன கல்லைப் பார்த்து
"அங்க இருக்காண்டாம், இது அர மணிக்கூறு நெழலு தரும்" என்று
இன்னொன்றைக் காட்டினார்.
ஜெர்ஷா கீழே காற்றாடிகளை எண்ணினாள்,
நூற்றுப் பதினாலில் தப்பியது,
மறுபடி ஒன்றிலிருந்து.

தப்பு என்னுடையது:
மரச்சீனி புழுங்கிக் கொண்டுபோயிருந்தேன்.
இரண்டு வாய்க்கு ஒரு பாட்டில் கேட்டது அது.
மட்டிப்பழம் பையோடு கூழாகி
அம்மாவும் பிள்ளைகளும் விரலை நக்கினோம்.
அவர் நக்கவில்லை. மிச்ச பாட்டில்களை எண்ணினார்.

உச்சிக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்.
"திரும்பலாம்."
"மேல போனா கடல் தெரியும்ப்பா!"
அபினோ பாறையில் மல்லாந்து கிடந்து அழுதான்,
பாறை சுட்டதும் எழுந்து நின்று அழுதான்.

"பாதி வெள்ளத்தத் தீத்துட்டு மேல போறவனுக்கு
கீழ வாறதுக்கு வேற ஒருத்தன்தான் குடுக்கணும்."

காற்று இரைந்தது.
ஜெர்ஷாதான் கேட்டாள், எண்ணிக்கையை விட்டுவிட்டு:
"ஒங்களுக்கு யாரு குடுத்தா?"

"ஒருத்தன்" என்றார்.
இரண்டு அடி இறங்கிவிட்டு,
"அவனுக்கு இருந்ததக் குடுத்தான்."
அதன்பிறகு அடிவாரம் வரை
முதுகு மட்டுமே தெரிந்தது.

வெள்ளமடம் மறுபடி வந்தது. தக்கலையில் சாரல்.
வைப்பர் கீச்சிட்டது.
என் காலடியில் ஒரு பாட்டில் உருண்டது,
மூடி திறக்காதது, தேயிலை போலச் சூடு.
"இது எதுக்கு மிச்சம்?"
"கெடக்கட்டு."

ராத்திரி அடுக்களையில் லைட் எரிந்தது.
அபினோ குழாயை மூடிவிட்டு
கன்னம் இரண்டும் உப்பி நின்றுகொண்டிருந்தான்,
விழுங்காமல்,
என்னைப் பார்த்து, பேச முடியாமல்.