பதினாறு பச்சை முகங்கள்

எல் ஆல்ட்டோவில் இரவு பதினொன்று.
கடலுக்கு நாலாயிரம் மீட்டர் மேலே
சுவரிலிருக்கும் மானி பதினேழு காட்டுகிறது,
ஈரம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவு.
துவைத்துப் போட்ட சட்டையும் மையும்
இங்கே ஒரே வேகத்தில் காயும்.

கதவைத் திறந்த ருஃபினோ கல்யிசாயா
வணக்கத்துக்கு முன் விலையைச் சொன்னார்:
"இது மூன்றாவது ஹெட், நியெவெஸ் அம்மா.
இகீக்கே துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது.
ரெண்டை ஏற்கெனவே தின்றுவிட்டது இந்தச் சனியன்."
மேசைமேல் அது, பெட்டி பிரிக்காமல்.
உள்ளங்கையில் அடங்கும்.
பழைய மினிபஸ் எஞ்சின் ஒன்றின் விலை.

விடிந்தால் மினிபஸ் சங்கத்தின் ஆண்டுவிழா.
ஆறு மீட்டர் பேனர்:
தலைவர், பொருளாளர், பதினான்கு ஓட்டுநர்கள்,
நடுவில் கன்னி மாதா.
பதினாறு முகத்திலும் பித்தமேறிய பச்சை.
மாதாவையும் விடவில்லை.

"மெஜந்தா செத்துப்போச்சு. மாத்திடுங்க."
"செத்ததா மயங்கியதா, பார்ப்போம்."

சோதனைத்தாள் எடுத்தேன்.
படிக்கட்டுபோல் இறங்கும் குட்டிக் கோடுகள்.
சயான் முழுசு. மஞ்சள் முழுசு. கறுப்பும்.
மெஜந்தாவில் பாதிப் படிகள் இல்லை.
கழுவினேன். இன்னொரு தாள்.
அதே படிகள் இல்லை.
மறுபடியும் கழுவினேன்.
அதே படிகள்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது.
அடைப்பு அலையும்,
கழுவக் கழுவ இங்கே திறக்கும், அங்கே மூடும்,
கடன்காரன் வீடு மாற்றுவதுபோல.
காற்றுக்குமிழி என்றால்
அடிக்க அடிக்க ஓட்டை பெருகும்.
ஆணி அடித்தாற்போல் ஓரிடத்தில் நிற்பது
மையின் குணமில்லை.

சுவிட்சை அணைத்தேன். பிளக்கையும் உருவினேன்.
ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தேன்.
ருஃபினோவுக்கு அதுதான் பொறுக்கவில்லை,
சும்மா இருப்பதற்கும் மணிக்கணக்கில் கூலியா என்று
கண்ணால் கேட்டார்.

பக்கத்து ஹெட்டின் பட்டை வயரோடு
இதை இடம் மாற்றிப் பார்ப்பதாகத் திட்டம்:
இடைவெளி வயரோடு போனால் குற்றம் வயரில்,
போகாவிட்டால் ஹெட்டில்.
மாற்றத்தான் உருவினேன்.
மாற்றவில்லை.

வயரின் நுனியில், பொன்னிறப் பற்களுக்கு நடுவே,
உதட்டுச்சாயம் துடைத்ததுபோல்
இளஞ்சிவப்பாய் ஒரு கசிவு.
இந்த ஊரில் எல்லாமே காயும்,
இது மட்டும் காயாமல் இருந்தது.

சுவரோரம் நின்ற செனோனைப் பார்த்தேன்,
இயந்திரத்தை ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும்.
நகக்கண்ணெல்லாம் அதே இளஞ்சிவப்பு.
சட்டைப்பையில் ஊசியில்லாத சிரிஞ்ச்.

"நாளைக்கு எத்தனை தடவை?"

"முதலாளி சொன்னது ஒருதடவை," என்றார்,
தரையைப் பார்த்து.
"காய்ந்துவிடுமோன்னு பயத்தில் மூணு."

மேலிருந்து ஊற்றிய கழுவுநீர் வழிந்து
வயருக்குள் இறங்கியிருக்கிறது.
முன்பு வந்தவர் புது ஹெட்டை எடுத்து
அதே ஈர வயரில் செருகியிருக்கிறார்.
இரண்டு தடவை.
காய்ச்சலுக்குப் பயந்து
ஆளைக் கிணற்றில் இறக்கிய கதை.

நீண்ட நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ருஃபினோ, செனோனிடம் இல்லை,
பெட்டியிடம் சொன்னார்:
"நான்தானே சிரிஞ்ச் வாங்கிக் கொடுத்தேன்."

சாக்கெட்டைத் துடைத்து, உலர்த்தி,
பூதக்கண்ணாடியில் பார்த்து, மறுபடி துடைத்து
என் பையிலிருந்த புது வயரைச் செருகினேன்.
ரெண்டு பேர் மத்தியானச் சாப்பாட்டு விலை.
தலைக்கு வந்தது வயரோடு போயிற்று.

முழுசாக இல்லை.
ஐந்து படிகள் திரும்பவேயில்லை.
அவை நிஜமாகவே செத்தவை, சொல்லிவிட்டேன்.
மூடியில் தினமும் ஈரம் இருக்கட்டும்,
அறையில் ஒரு ஈரப்பதமூட்டி வையுங்கள்,
சிரிஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றரைக்கு பேனர் இறங்கத் தொடங்கியது.
முதலில் தலைவரின் காதுமடலில் ரத்தம் ஊறியது.
அப்புறம் ஓட்டுநர்கள் வரிசையாக,
வெயிலில் கன்றிய கன்னங்களோடு.
மாதா வருகையில் செனோன்
தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

பொருளாளரின் டையில் மட்டும்
குறுக்கே மயிரிழை வெள்ளைக்கோடு.
"கவனிப்பாரா?" என்றேன்.
"கவனிக்கட்டும்," என்றார் ருஃபினோ,
"போன வருஷப் பேனருக்கே
அந்த ஆள் இன்னும் பணம் தரவில்லை."