ஐந்து மதிப்பெண் வினா

ஒத்தக்கடைப் பள்ளியில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
ஏப்ரல் வெயில்.
காற்றாடி சுற்றுகிறது, காற்று சுற்றவில்லை.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை
படுத்தே கிடக்கிறது,
என்றாவது எழும் என்று
அதை யாரும் பாராட்டியதில்லை.

காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
வேறு மாவட்டத்துத் தாள்கள் என்றார்கள்.
நாற்பத்தோராம் வினா:
கீழ்க்காணும் கவிதையின் நயம் பாராட்டுக.

அறுத்துப் போகிறாய்.
போ.
கிழங்கு என்னிடம்தான் இருக்கிறது
என்றது கோரை.

விடைக்குறிப்பு சொல்கிறது:
மையக்கருத்து, ஒடுக்கினாலும் ஓயாமை: இரண்டு.
அணி: ஒன்று. சொல்நயம்: ஒன்று.
முடிவுரை இருந்தால் ஒன்று.

பதினான்கு தாளிலும்
கோரை ஒரே மாதிரி முளைத்திருந்தது,
கைடில் முளைத்த கோரை.
பதினைந்தாவதில் கையெழுத்து சாய்ந்து
கோட்டுக்கு வெளியே போனது.

"கோரை திரும்ப முளைக்கும் என்பது
அறுக்கிறவருக்கும் தெரியும்.
அதனால்தான் அவரும் திரும்ப வருகிறார்.
கோரையின் தைரியத்தைக் கவிஞர் எழுதிவிட்டார்.
அரிவாளை எப்போது கீழே வைத்தார்கள் என்று
எழுதவில்லை.

என் அம்மா களையெடுக்கப் போகிறவர்.
கோரையைத் தோண்டுவதற்குத்தான் கூலி.
அம்மா கையில் களைக்கொத்தி இருக்கிறது,
நிலம் இல்லை.
ஆகவே இந்தக் கவிதையில்
அம்மா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்காது.
ஊர் நிறுத்தத்தில் நிற்கும்.
அங்கே நிழற்குடை இருக்கிறது,
நாங்கள் வெயிலில் நிற்போம்.
ஒருநாள் அம்மா நடு ரோட்டில் நின்றார்.
டிரைவர் பிரேக் போட்டார்.
அதன்பின் ஆறு நாள் பஸ் நின்றது.
ஏழாம் நாள் இரண்டு விசில்.
ஆறு நாள் என்பது வெற்றியா தோல்வியா என்று
ஐந்து மதிப்பெண்ணுக்குள் எழுத முடியவில்லை.

'போ' என்ற சொல் நன்றாக இருக்கிறது.
எங்களிடம்தான் எல்லோரும் அதைச் சொல்வார்கள்.
இதில் கோரை சொல்கிறது."

முடிவுரை இல்லை.
பக்கம் முடிந்துவிட்டது.

சிவப்புப் பேனா மூடியைக் கடித்தபடி இருந்தேன்.
பதினோரு வருடமாக
நாணலைச் சொல்லி, ஆலமரத்தைச் சொல்லி,
வளைந்தால் ஒடியாது என்று
கரும்பலகையில் எழுதிப் போட்டவள்.
யார் வளைத்தது என்று
ஒரு பிள்ளையும் கேட்டதில்லை,
அல்லது கேட்க நான் விட்டதில்லை.

சொல்நயத்துக்கு ஒன்று போட்டேன்.
மையக்கருத்துக்கு இரண்டு போட்டேன்.
சகாயமேரி மேடம் தாளைப் புரட்டினார்.
"அணி எங்கே?"
"பஸ்" என்றேன்.
மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.
"உருவகமா?"
"இல்லை மேடம். பஸ்தான்."
அந்த ஒன்று கிடைக்கவில்லை.
மூன்று என்று கூட்டி
வட்டம் போட்டேன்.
கைடு கோரைகள் எல்லாம் ஐந்துக்கு ஐந்து.

சாயங்காலம் மேலூர் பஸ்.
தினமும் உட்காரும் அதே இடதுபக்க ஜன்னல்.
சுங்கச்சாவடி தாண்டி
புளியமரம் ஒன்று, சிமெண்ட் பெஞ்சு ஒன்று,
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து.
நான்கு பேர் கை நீட்டினார்கள்.
இரண்டு விசில்.
இத்தனை வருடம் அந்த விசிலை
நான் காதால் கேட்டிருக்கிறேன்,
அவ்வளவுதான்.

அது வேறு மாவட்டத்துத் தாள்.
நான் சத்தியம் செய்வேன், வேறு மாவட்டம்.

மறுநாள் நடத்துநரிடம்
அந்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லி
டிக்கெட் கேட்டேன்.
"அங்க நிக்காது டீச்சர்.
முன்னாடி இறங்கி நடந்துருங்க."

நீட்டிய பத்து ரூபாயை
மடக்கவில்லை.
பின்னால் நிற்பவர்கள் முண்டினார்கள்.
நீட்டிக்கொண்டே நின்றேன்.