மூன்று மீட்டர் நாற்பது

இஞ்சினைச் சுற்றி
ஒரு தீப்பெட்டி வைக்கவும் இடமில்லை.
அதனால் டர்போ பின்னால் போகிறது,
சைலன்சர் இருந்த இடத்துக்கு,
தார்ச்சாலையிலிருந்து ஒரு முழ உயரத்தில்.

எல்லாம் அந்த ரோன்ஸ்டோர்ஃப் மேட்டால் வந்தது.
இரண்டாவது கியரில், முக்கால் டன் வெங்காயத்தோடு
நான் ஏறிக்கொண்டிருக்க
ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போனார்.
கை வேறு அசைத்தார்.

காற்றைப் பற்றிக் கவலையில்லை,
குழாய் போட்டால் எவ்வளவு தூரமும் வரும்.
எண்ணெய்தான் தூங்க விடவில்லை.

வூப்பர்டாலில் இன்றும் மழை.
ஆற்றுக்கு மேலே தொங்குரயில்
வெளிச்சத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறது.
மின்சார பில்லின் முதுகில் லொறியை வரைகிறேன்:
முன்னால் ஒரு சதுரம்,
பின்னால் ஒரு நத்தை,
இடையே ஒரு கோடு. மூன்று மீட்டர் நாற்பது.
மழைக்கோட்டோடு கீழே படுத்து
சுகிர்தாவின் தையல் நாடாவால்
மூன்று தவணையாய் அளந்தது.
இரண்டு முறை கழுவியும் நாடா கறுப்பு.
அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

போகும் வழி எளிது.
பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில்
பித்தளையில் ஒரு கிளை.
கம்பி பின்னிய மெல்லிய ஹோஸ்
பிரேக் குழாயை உரசாமல்
சட்டத்தின் உள்மடிப்பில் ஊர்ந்து போகும்.
முடிவில், டர்போவின் வாயில்,
தீக்குச்சி நுழையாத ஒரு துளை.
ஆற்றில் போட்டாலும் அளந்துதானே போடவேண்டும்.
உள்ளே அந்தத் தண்டு
நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறை சுற்றும்,
இரும்பைத் தொடாமல்,
மயிரிழை எண்ணெயில் மிதந்தபடி.

திரும்பும் வழி அப்படியல்ல.
அழுத்தத்தையெல்லாம் செலவழித்துவிட்டு
நுரைத்து, சுட்டு, சோம்பலாய் வெளியே வரும்.
மற்ற லொறிகளில் சும்மா கீழே விழும்.
இங்கே விழ இடமில்லை,
இஞ்சினின் தொட்டி அதைவிட உயரத்தில்.
தேங்கினால் சீல் வழியே கசியும், நீலமாய்ப் புகையும்.
உடனே டர்போவைக் கழற்றி வேறு போடுவார்கள்,
எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு
எதிரே வந்த நாயை அடித்த மாதிரி.

ஆகவே டர்போவின் கீழே ஒரு குவளை.
குவளையின் அடியில்
வருவதைவிட வேகமாய் அள்ளும் பம்ப்,
நுரைக்கு மூச்சுமுட்டாத பல்சக்கரப் பம்ப்.
சாவியைத் திருப்பிய பிறகும்
இரண்டு நிமிடம் ஓட ஒரு ரிலே.

பதினொரு மணிக்கு சுகிர்தா வந்தாள்,
முதியோர் இல்லத்து வாசனையோடு.
படத்தைத் தலைகீழாகவே பார்த்தாள்.
"பம்ப் நிண்டா மேல இருக்கிறது திரும்பி வடியாதோ?"
நான் பேசவில்லை.
"காலில வால்வு பழுதானா ரத்தம் கீழயே நிண்டிடும்.
நாள் முழுக்க அதுக்குத்தானே
இறுக்கமான காலுறை மாட்டிவிடுறன்."
பேனாவைப் பறித்து
திரும்பும் கோட்டில் ஓர் அம்பு போட்டாள்.
அவள் பல் துலக்கப் போனதும்
போகும் கோட்டில் இன்னொன்றை நானே போட்டேன்.

செவ்வாய்க்கிழமை டியூஃப் அலுவலகத்தில்
ஹெர் ஸீவெகிங் பில்லைத் திருப்பி
முதலில் எங்கள் மின்கட்டணத்தை வாசித்தார்.
பிறகு படத்தை. நெடுநேரம்.
"பம்ப் செத்தால் எப்படித் தெரியும்?"
"புகை வரும்."
"அது பின்னால் வருகிற எனக்குத் தெரியும்.
உங்களுக்கு?"

வீடு வரும்வரை
பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது குவளைக்குள் ஒரு மிதவை.
அதிலிருந்து முன்னால் ஓடும் ஒற்றைக் கம்பி.
டாஷ்போர்டில் சாம்பல் கிண்ணம் இருந்த ஓட்டையில்
ஒரு சிவப்பு விளக்கு.
அது எரியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே
இத்தனை செலவு.

மிச்சம் ஜனவரி.
குளிரில் எண்ணெய் பாகாய் இறுகும்.
இந்தச் சின்னப் பம்ப் இழுக்குமா, தெரியாது.
சோதிக்க, ஃப்ரீசரில் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன்,
பாரை மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில்.
அதையும் அவள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.