மூன்றில் இரண்டு

சிவந்திப்பட்டி ரோட்டில் நாலரை செண்டு.
வீடு போக மிச்சமெல்லாம் சுக்கான்கல்.
நர்சரிக்காரன் தலையில் கட்டிய குட்டைப் பனையும்
காகிதப்பூவும்
விளம்பரப் படத்தில் நிற்பதுபோல்
மூன்று வருஷம் நின்றன.
ஒரு குருவி உட்கார்ந்து எழுந்த
எச்சக் கறைகூட இல்லை இலையில்.

கிளுவைக் கம்பு கேட்டு பேராச்சியிடம் போனேன்.
குளத்துக்கரையில் ஆடு மேய்ப்பவள், என் வயதுதான்.
"வெள்ளாட்டுக்கு ஒடிச்சுப் போடுததை
வீட்டுல வைக்கப் போறியா?"
சிரித்துக்கொண்டே முழ நீளத்தில் ஒடித்துத் தந்தாள்.
சூரைக்கும் சங்கஞ்செடிக்கும் விதை கேட்டதும்
சிரிப்பு நின்றுவிட்டது.
"இதையெல்லாம் தோண்டி எறிஞ்சுட்டுத்தானட்டி
உங்களுக்கு பிளாட்டு போட்டானுவ.
இப்பம் திருப்பி நடுதியாக்கும்."

ஐப்பசி முதல் மழையில் கிளுவை கண் திறந்தது.
சங்கஞ்செடி என் சுண்டுவிரலைக் கிழித்தது.
ஆடாதொடை வெள்ளையாய் வாய் பிளந்தது,
கோவை காம்பவுண்டு ஏறிப் போனது.
மஞ்சணத்தி மட்டும்
யாரும் வைக்காமல் செப்டிக் டேங்க் ஓரத்தில்
தானாக வந்து நின்றது.

முதலில் தவிட்டுக்குருவிகள், ஏழெட்டு,
ரேஷன் கடை வரிசைச் சண்டையோடு.
பிறகு ஒரு சின்னான்.
கோவைப்பழத்தில் ஓட்டை போட்டு
உள்சிவப்பைத் தின்றுவிட்டுத் தோலைத் தொங்கவிட்டது.
செம்போத்து வந்தது; ஓணான் குறைந்தது.
சூரைக்குள் கதிர்க்குருவி கூடு வைத்ததை
பூனை பார்த்தது,
முள்ளையும் பார்த்தது,
வேறு வேலை இருப்பதுபோல் திரும்பிப் போனது.
பக்கத்து வீட்டு ஞானதிரவியம் சார்
வெள்ளைக் காருக்கு உறை வாங்கினார்.
விலையைச் சொல்லவில்லை,
சொன்னதுபோல் இருமினார்.

நாலாவது தையில்தான் பூங்கொத்தி.
பெருவிரல் அளவு, மண் ஒட்டிய பச்சை,
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
எங்கோ விழுங்கிய பழத்தின் கொட்டையை
வேம்பின் கிளையில் பின்புறம் தேய்த்து ஒட்டிவிட்டு
டிக் டிக்கென்று போய்விட்டது.

மறுவருஷம் வேம்பில் மூன்று இடத்தில் வேற்றிலை.
தடித்த இலை. குழல் குழலாய்ச் செம்மஞ்சள் பூ.
தேன்சிட்டு அதில் தலைகீழாய்த் தொங்கிய காலையில்
ஞானதிரவியம் சார் தொரட்டியோடு வந்தார்,
கோபமே இல்லாமல்.
"புல்லுருவிம்மா. விட்டா மரத்தையே தின்னுரும்.
நானே அறுத்துத் தாரேன்."

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
நாள் முழுக்க அடுத்தவர் நரம்பில்
ஊசி இறக்குகிறவள் நான்.
எவ்வளவு எடுத்தால் ஆள் எழுந்து நடப்பான்,
எதைத் தாண்டினால் கண் இருட்டும்
என்று கைக்குத் தெரியும்.
மரத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது எனக்கு.

"ரெண்டை மட்டும் அறுங்க சார்."
"மூணுல்லா இருக்கு?"
"ரெண்டு போதும்."
மீதிச் சில்லறை வாங்க மறந்தவளைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்துவிட்டு
ரெண்டை அறுத்தார்.
கீழே விழுந்த பூவில்
எறும்பு வரும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது தெற்குக் கிளையின் நுனி
கொஞ்சம் வெளிச்சமாய்த் தெரிகிறது.
ஞாயிற்றுக்கிழமைகளில் அடியில் நின்று
இலையை எண்ணப் பார்க்கிறேன்.
காற்று விடுவதில்லை.
போன வாரம் பேராச்சி ஆட்டோடு இந்தப் பக்கம் வந்தாள்.
சங்கஞ்செடியை ஒருமுறை பார்த்தாள்,
ஆட்டின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

இன்று துணி காயப்போடும்போது பார்த்தேன்.
கொடிக்கம்பியின் நடுவில்
பிசினோடு ஒட்டிய ஒரு கொட்டை.
பச்சை நுனி நீட்டி, வளைந்து,
இரும்பைத் தடவித் தடவி
மரம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு நாளில் காய்ந்துவிடும்.
தெரியும்.

அந்த இடத்தை விட்டு
சேலையை இரண்டாய் மடித்துப் போட்டேன்.