மூன்றாவது எதிரி

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் எனக்குப் பெயர்
மூன்றாவது எதிரி.
யாருக்கு எதிரி என்று கேட்டேன்.
"அப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றார்
வக்கீல் மெஹருன்னிசா.
அவர் கோட்டுப் பையில் பேனா கசிந்திருந்தது,
கறுப்பில் அது தெரியவில்லை.

முதல் எதிரி ராஜகிளி.
இரண்டாவது அவள் நாத்தனார் செந்தாமரை.
நான்காவது எதிரி கோழிக்கோட்டுக்கு மீன் உரிக்கப் போனாள்,
அவள் மேல் பிடிவாரண்ட்.
குற்றம் நானூற்று நாற்பத்தேழு.
அந்தச் சட்டப் புத்தகத்தையே மாற்றிவிட்டார்களாம்;
எங்கள் வழக்கு மட்டும் பழையதில் நிற்கிறது,
சேற்றில் இறங்கிய கால் மாதிரி.

நடந்தது இவ்வளவுதான்.
உப்பனாற்றுக் கழியில் ஒரு மாசி மாதம்
கம்பிவேலி வந்தது, பலகை வந்தது:
இது அரசு நிலம், அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.
விடியலில், தண்ணீர் வத்தியதும்,
கூடையோடு குனிந்து உள்ளே போனோம்.

மட்டி கண்ணுக்குத் தெரியாது.
குதிகால்தான் தேடும்.
சேற்றுக்குள் ஒரு நெருடல்;
பெருவிரலால் நெம்பி, கையை விட்டு எடுக்க வேண்டும்.
அரைக்கூடை ஆவதற்குள் ஜீப்.

மட்டியையும் மகஜரில் ஏற்றினார்கள்:
சுமார் நான்கு கிலோ, உயிருடன்.
இரண்டாம் நாள் ஸ்டேஷன் நாறியது.
வழக்குச் சொத்தை அழிக்க
மனு ஒன்று போட்டு
ஏட்டையா மூக்கைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோனார்.

பதினாறு வாய்தா.
ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் கூலி, பஸ் காசு,
வேப்பமரத்தடியில் பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பு.

பதினேழாவதில் கிராம நிர்வாக அலுவலர் கூண்டேறினார்.

சம்பவ இடம் நிலமா, தண்ணீரா?
நிலம். புறம்போக்கு.
எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?
ஆறரை.
பன்னிரண்டரைக்குப் போய்ப் பார்த்தீர்களா?
கோப்பைப் புரட்டினார். கோப்பில் பன்னிரண்டரை இல்லை.
அப்போது அங்கே என்ன இருக்கும்?
ஏத்தம்... தண்ணீர் இருக்கும்.
எவ்வளவு?
இடுப்பளவு.
அது அனுமதி வாங்கி வந்ததா?
அந்தக் கேள்வியை அடித்துவிடச் சொன்ன
நடுவர் அய்யா
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
வெகுநேரம் துடைத்தார்.

அப்புறம் எங்கள் முறை.
எல்லாவற்றுக்கும் "பொய் வழக்கு" என்று சொல்லச் சொல்லி
பஸ்ஸிலேயே பாடம் நடந்திருந்தது.
ராஜகிளி சொன்னாள். செந்தாமரை சொன்னாள்.
என்னைக் கேட்டதும் நாக்கு வேறுபக்கம் திரும்பியது:
"போனேன் சாமி. மட்டி எடுக்கத்தான் போனேன்."

மெஹருன்னிசா கண்ணை மூடினார்.
திறந்தபோது வேறு ஆளாக இருந்தார்.
"கனம் கோர்ட்டார் அவர்களே,
உள்ளே போனது மட்டும் குற்றம் அல்ல.
குற்றம் செய்யவோ, மிரட்டவோ,
அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ
எண்ணம் வேண்டும் என்கிறது சட்டம்.
மூன்றாவது எதிரியின் எண்ணம் மட்டி.
எரிச்சல் யாருக்கு?"

அரசுக்கு, என்றார் அரசு வக்கீல்.

"விடிகாலை ஆறரைக்கு, அந்தச் சேற்றில்,
அரசு எங்கே நின்றுகொண்டிருந்தது?"

டைப் அடிக்கும் பெண் விரலை நிறுத்தினாள்.
மின்விசிறி சுற்றும் சத்தம்.

சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து
விடுதலை, என்று வாசித்தார்கள்.
"நான்தான் போனேன்னு சொல்லிட்டேனே,
இன்னும் என்ன சந்தேகம்?"
வக்கீல் பதில் சொல்லாமல்
நான்கு டீ சொன்னார்.
வேலியைப் பற்றிக் கேட்டேன்.
அது சிவில், என்றார்.
எத்தனை வாய்தா என்று கேட்கவில்லை.

இன்று காலை வத்தம் பிந்திவிட்டது.
பலகையின் மூன்றாம் வரிவரை தண்ணீர்;
அரசு நிலம் என்பது மட்டும் மேலே தெரிகிறது.
கரையில் உட்கார்ந்திருக்கிறோம்.
தண்ணீர் இறங்க இறங்க
பலகையின் இரும்புக் காலில்
ஆளி கொத்துக்கொத்தாய்ப் பிடித்திருப்பது தெரிந்தது.

"இது யார் கணக்கு?" என்றாள் செந்தாமரை.

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தேன்.