நேற்று ஊற்றிய நீர்

நேற்று மாலை ஊற்றிவிட்டுப் போன தண்ணீர்
குழியில் அப்படியே நிற்கிறது.
கூடவே ஒரு செம்பனைப் பழம், இரண்டு எறும்பு,
ஒரு துண்டு வானம்.

குணவதி அக்கா எட்டிப் பார்த்துச் சொல்கிறார்:
"நல்ல மண்ணும்மா, தண்ணிய விடவே விடாது."
குளம் வெட்ட வந்திருந்தால்
நானும் தலையாட்டியிருப்பேன்.
வந்தது கக்கூசுக்கு.
அதற்குக் குடிக்கிற மண் வேண்டும்,
மடமடவென்று குடிக்காமல்
நின்று நிதானமாகக் குடிக்கிற மண்.

பாடாங் செராய் தாண்டி,
லயத்தை இடித்த இடத்தில் பிரித்துக் கொடுத்த மனை,
நாற்பதுக்கு எண்பது.
வீடு எழும்பி, கூரையும் ஏறியாயிற்று.
பீங்கான் மட்டும் அட்டைப்பெட்டியில்,
மாப்பிள்ளை முடிவாகும் முன்னே
வந்து இறங்கிய சீர் போல.

ஷஃபிகுல் துரப்பணக் கம்பியைத் திருகுகிறான்.
முதல் முழம் காப்பித்தூள் நிறம்,
வேர், பால் ஏந்திய கோப்பையின் சில் ஒன்று.
இரண்டாம் முழம் மஞ்சள்.
நனைத்துப் பிசைந்து கட்டைவிரலால் தள்ளுகிறேன்.
நாடா நீள்கிறது, நீள்கிறது,
ஒடிய மாட்டேன் என்கிறது.
களி.
அதற்குக் கீழே சாம்பல்,
சாம்பலில் துருப் புள்ளிகள்.
ஒவ்வொரு ஐப்பசியும் தண்ணீர்
இங்கே வந்து பெரட்டுக்கு நிற்கிறது,
துருவால் பேர் பதிந்துவிட்டு இறங்குகிறது.
அறுபது சென்டிமீட்டர். குறித்துக்கொள்கிறேன்.

அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கோல்.
முதல் அரை மணி, மூன்று மில்லிமீட்டர்.
அடுத்தது, இரண்டு.
மூன்றாவதில் தண்ணீர்
என் முகத்தைத்தான் காட்டியது.

நடுவில் தேத்தண்ணீர், மாரி பிஸ்கட்,
மாணிக்கராஜா அண்ணனின் கணக்கு.
டாங்கியை நேற்றே வாங்கிவிட்டாராம்,
கடைக்காரன் இருநூறு வெள்ளி குறைத்தானாம்.
"எறங்குது பாரும்மா, வெயில்ல எறங்குதுல்ல?"
வெயில் குடிப்பது கணக்கில் வராது என்றேன்.
"நம்ம தண்ணி, நம்ம நெலம். யாருக்கு என்ன வரப்போவுது?"
வேலிக்கு அப்பால் நோராய்னியின் கிணறு.
அடி வைத்து எண்ணியிருந்தேன், பதினேழு.
சரிவும் அந்தப் பக்கம்.
வாளியில் இறைத்து அவள்
பிள்ளையின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்,
பிள்ளை வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அண்ணன் பார்த்தார்.
முக்கிய பிஸ்கட்டை எடுக்க மறந்துபோனார்.

நாலாவது குழி தேவையே இல்லை.
தெரிந்துகொள்ளத்தான் போட்டேன்,
தார்ச்சாலைக்கு மேலே, துரை பங்களா இருந்த மேட்டில்.
அங்கே இப்போது படிக்கட்டு மட்டும்,
எங்கேயும் ஏறாமல்.
செம்மண், சரளை, கையில் உதிர்கிறது.
ஊற்றிய தண்ணீர் பதினொரு நிமிடத்தில் காணோம்.
கம்பி எட்டும் ஆழம் வரை
ஒரு துருப் புள்ளி இல்லை.

எவனோ ஒருத்தன் அந்தக் காலத்திலேயே
மண்ணைக் கிள்ளிப் பார்த்திருக்கிறான்.
தன் கட்டிலை இங்கே போட்டுக்கொண்டு
சாம்பல் மண்ணில் லயத்தை அடித்திருக்கிறான்,
கதவுக்குப் பக்கத்தில் கதவாக.
'பேதி, மூணு நாள் பேர் இல்லை' என்று
செக்ரோலில் எழுதிய கிராணிக்குத்
தெரிந்திருக்குமா, தெரியாது எனக்கு.
மேடு இன்றும் கம்பெனி நிலம்.
அறிக்கையில் அந்தக் குழி வராது.

அறிக்கையில் வருவது:
பின்புறம் பொருந்தாது.
கிணற்றைவிட்டு ஆன மட்டும் விலகி, முன்பக்கம்,
இரண்டு லோரி மணல் கொட்டி
உயர்த்திய மேட்டில் கசிவுக் குழாய்.

"கார் நிறுத்துற எடத்துலயா?"
"அங்கேதான் அண்ணே."
அவர் பேசவில்லை. அக்காதான் சிரித்தார்,
சிரித்தது கோபமா என்று பிடிபடவில்லை.
"போகட்டும். தொரைக்கு ஒரு மேடு,
நமக்கு ஒரு மேடு."

ஷஃபிகுல் மண்ணைத் தள்ளி மூடினான்.
நேற்றைய தண்ணீர் போக இடமில்லாமல்
மேலே வந்து
என் சப்பாத்தை நனைத்தது.