இரண்டாம் பாகத்தில் பாலம்

டொலீடோ. இரவு பத்தரைக் காட்சி.
வெளியே பனி, உள்ளே வெண்ணெய் வாசம்.
பாலம் பழுதுபார்க்கும் வென்டல் ஒக்ராசின்ஸ்கி
தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான்.

முதல் பாகத்தில் நாயகன்
ஒரு பாலத்தைப் பிய்த்து
வில்லன் தலையில் போட்டான்.
மூன்று வருடமாக
வென்டலின் தொண்டையில் அது முள்.

இதோ வருகிறான், மேலங்கி பறக்க.
அரங்கம் எழுந்து அலறுகிறது.
வென்டல் அவனுக்குப் பின்னால் பார்க்கிறான்:
பாலம்!
முழுசாக. புதுப் பெயின்ட்டோடு.
எந்தப் பாகத்திலும் வராத யாரோ
குளிரில் தொங்கி முடுக்கிய திருகாணிகளோடு.

கை தட்டினான்,
எல்லோரும் உட்கார்ந்த பிறகு.

இடைவேளை விடாத ஊர்.
நாற்பதாவது நிமிடத்தில்
பாலம் மறுபடி ஆற்றுக்குள்.

"அடப்பாவி!"
சிரித்தபடியே
ஐந்து மணி ஷிப்டுக்கு அலாரம் வைத்தான்.
அப்படியென்றால்
மூன்றாம் பாகம் உண்டு.